பனிக்காலத்தில் பண்ணை வீட்டு விருந்தினர்... அறைக்குள் கரி அடுப்பு வைக்கலாமா?

“எங்களுக்கு இரண்டு ஏக்கரில் கேரட், பீட்ரூட் தோட்டம் இருக்கிறது. வீட்டை ஒட்டி மாமனார் காலத்தில் கட்டிய இரண்டு அறைகளைச் சீர்செய்து, போன ஏப்ரல் முதல் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். கோடையில் சிரமம் இல்லை. டிசம்பரில் இருந்து வருகிறவர்கள் எல்லோரும் ‘ராத்திரி குளிர் தாங்கல, ரூமுக்குள்ள நெருப்பு வெச்சுக் குடுங்க’ என்கிறார்கள். பக்கத்தில் தகர டப்பாவில் கரி போட்டுக் கொடுக்கிறார்கள். நாங்களும் கொடுக்கலாமா? ஹீட்டர் வாங்கினால் மின் கட்டணம் கட்டுப்படியாகுமா? பனிக்காலத்தில் விடுதி நடத்துவதில் லாபம் உண்டா?”

- வாசகி, தும்மனட்டி, நீலகிரி மாவட்டம்.

முதல் கேள்விக்கு ஒரே பதில்தான். கூடாது. ஆள் படுத்துத் தூங்கும் அறையில் கரி அடுப்பு, பார்பிக்யூ அடுப்பு, தகர டப்பா நெருப்பு எதையும் ஒரே ஒரு ராத்திரிக்குக்கூட வைக்கக் கூடாது. குளிருக்காகக் கரி நெருப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்திகள் நீலகிரியில் இருந்தும் கொடைக்கானலில் இருந்தும் வந்திருக்கின்றன. இறந்தவர்களில் பலர் இளவயதுக்காரர்கள், நோய் நொடி இல்லாதவர்கள்.

‘விறகு என்றால்தான் புகையும், கரி புகையாது, அதனால் ஆபத்தில்லை’ என்ற நம்பிக்கை மலைக்கிராமங்களில் பரவலாக இருக்கிறது. உண்மை இதற்கு நேர் எதிரானது. புகை கண்ணைக் கரிக்கும், இருமல் வரும், ஆள் எழுந்து கதவைத் திறந்துவிடுவார். கரியில் இருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட இந்த வாயுவை 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அறையில் காற்று இருந்தும் உடம்புக்குப் பிராணவாயு போய்ச் சேராது. படுக்கப் போகும்போது ‘தணலா இருக்கட்டும்’ என்று கரியின் மேல் சாம்பலை மூடி வைக்கும் பழக்கம் இன்னும் மோசமானது. காற்றுக் குறைவாக எரியும் நெருப்பில்தான் இந்த வாயு அதிகம் வரும். ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. குளிர் வருகிறது என்று நள்ளிரவில் விருந்தினரே அதைச் சாத்திவிடுவார்.

பல வீடுகளில் வீட்டுக்காரர் கரி அடுப்பு கொடுப்பதே இல்லை. ஆனாலும் நெருப்பு அறைக்குள் போய்விடுகிறது. முற்றத்தில் கேம்ப் ஃபயர் போடுகிறார்கள், கோழி சுடுகிறார்கள். 10 மணிக்குத் தூறல் விழுகிறது, அல்லது குளிர் கூடுகிறது. வீட்டுக்காரர் தூங்கப் போயிருப்பார். விருந்தினர்களில் ஒருவர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். கோத்தகிரிப் பக்கம் மூன்று அறைகளை விடும் ஒரு குடும்பத்தில் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நெருப்பு மூட்டுவதும் வீட்டுக்காரர்தான், அணைப்பதும் அவர்தான். இரவு 9.30 மணிக்கு ஒரு குடம் தண்ணீரோடு வந்து நிற்பார். “இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்ணா, நாங்களே அணைச்சிடுறோம்” என்று இளைஞர்கள் கெஞ்சுவார்கள். “இல்லைங்க தம்பி, அணைச்சிட்டுத்தான் எனக்குத் தூக்கம் வரும். உள்ளே வெந்நீர்ப் பை வெச்சாச்சு, போய்ப் படுங்க” என்பார். தணல் முழுக்க நனைந்த பிறகு அடுப்பு அவருடைய கொட்டகைக்குப் போய்விடும். ஒரு சிலர் முகம் சுளிப்பார்களாம். அதற்காக அவர் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

வாயு தாக்கியதை அடையாளம் காண்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, நிற்க முடியாத அசதி ஆகியவைதான் அறிகுறிகள். மலையேறி வந்த களைப்பு, ஹேர்பின் வளைவுகளில் வந்த வாந்தி, நேற்று குடித்தது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எதையாவது காரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஒரே அறையில் படுத்த இரண்டு, மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்து, வெளிக்காற்றில் உட்கார்ந்ததும் குறைந்தால், முதலில் வாயுவைச் சந்தேகிக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் அது பிராணவாயு ஏறிய ரத்தமாகவே படித்து, 98 என்றுகூடக் காட்டும். கதவு, ஜன்னல்களைத் திறந்து, ஆட்களை வெளியே கொண்டுவந்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ‘கரி அடுப்பு வைத்திருந்தார்கள்’ என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் கொடுக்கும் ஆக்சிஜன்தான் இதற்கு மருந்து. கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. அறைக்கு ஒன்று வாங்கிப் படுக்கை உயரத்தில் மாட்டிவிடலாம். புகை அலாரம் வேறு, இது வேறு என்பதை வாங்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பனிக்காலத்தில் வென்டிலேட்டரில் அட்டையைச் செருகிவிட்டு அரை மணி நேரம் குளிப்பவர்கள் உண்டு. கீசரை வெளிச்சுவரில் மாட்டி, குழாய் மட்டும் உள்ளே வர வேண்டும்.

பழைய பங்களாக்களில் இருக்கும் புகைபோக்கி வைத்த கணப்பு அடுப்பு மட்டும் விதிவிலக்கு. அதையும் பனிக்காலம் தொடங்கும் முன், நவம்பரிலேயே ஆள் வைத்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். குருவிக்கூடு அடைத்த புகைபோக்கியும் கரி அடுப்பும் ஒன்றுதான். சீகை, கற்பூர மரத்து விறகை ஈரத்தோடு எரித்தால் புகைபோக்கியின் உட்புறம் தார் போலப் படிந்து, பிறகு அதுவே தீப்பிடிக்கும். வெட்டிப் பிளந்து, மழை படாமல் ஆறு மாதமாவது காய்ந்த விறகாக இருக்க வேண்டும்.

சரி, நெருப்பு இல்லாமல் விருந்தினரை எப்படிக் கதகதப்பாக வைப்பது? அறையைச் சூடாக்கும் செலவைவிடப் படுக்கையைச் சூடாக்கும் செலவு மிகக் குறைவு. மேலே நான்கு கம்பளி போட்டும் குளிர்கிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் குளிர் கீழே இருந்துதான் ஏறுகிறது. மெத்தைக்கு மேல், விரிப்புக்கு அடியில் ஒரு தடித்த கம்பளியை விரித்தால் பாதிக் குறை தீரும். கம்பளிகளைத் தினமும் வெயிலில் போட வேண்டும். ஈரம் கோத்த கம்பளி எத்தனை கிலோ இருந்தாலும் சூடு தராது. விருந்தினர் படுக்கப் போகும் அரை மணி நேரத்துக்கு முன் 2 லிட்டர் ரப்பர் வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துவிடலாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம். முக்கால் அளவுக்கு ஊற்றி, காற்றை வெளியேற்றி, மூடியை இறுக்கி, துணி உறை போட்டுக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை படுக்கும் இடமாக இருந்தால், குழந்தையைக் கிடத்தும் முன் பையை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இதில் ஆகும் செலவு, இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரம் வெந்நீர்தான்.

பகல் வெயிலையும் வீணாக்கக் கூடாது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்குப் பார்த்த ஜன்னல் திரைகளைக் காலை 10 மணியில் இருந்து திறந்து வைத்து, பிற்பகல் மூன்றரைக்குள் ஜன்னலையும் கனத்த திரையையும் மூடிவிட வேண்டும். மலை நிழல் விழுந்த பிறகு மூடினால் பயன் இல்லை. தகரக் கூரை உள்ள அறை என்றால் உள்கூரை அடிப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும். கதவின் கீழ் இடைவெளிக்கு, பழைய புடவைத் துணியில் நீளப் பை தைத்து மணல் நிரப்பிப் போட்டால் போதும். அறைக்குள் எரியும் பொருள் எதுவுமே இல்லை என்றால்தான் இப்படி அடைக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஹீட்டர் விஷயத்துக்கு வருவோம். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகை ஹீட்டர், சிவக்கக் காயும் கம்பி ஹீட்டரைவிடப் பாதுகாப்பானது. 2,000 வாட் ஹீட்டர் இடைவிடாமல் 8 மணி நேரம் ஓடினால் 16 யூனிட். தானாக நின்று ஓடும் வசதி இருந்தால் இதில் ஒரு பகுதி குறையும். மாலையில் ஒரு மணி நேரம் ஓட்டி அறையின் ஈரக்குளிரைப் போக்கிவிட்டு, பிறகு வெந்நீர்ப் பையை நம்புவது கட்டுப்படியாகும் வழி. இந்த ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். விளக்குக்குப் போட்ட சாதாரண பிளக்கில், அதுவும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டினால் ஒயர் உருகும். தனி ஒயர் இழுத்து 16 ஆம்பியர் பிளக் வைக்க வேண்டும். மாமனார் காலத்து ஒயரிங் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டே ஹீட்டர் வாங்கலாம். ஹீட்டர் மேல் ஈர சாக்ஸைக் காயப் போடும் விருந்தினர் நிச்சயம் வருவார். ஒரு துணிக்கொடியை அறையிலேயே கட்டிவைத்தால் அவருக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

உண்மையில் மின்சாரத்தைத் தின்பது குளியல் வெந்நீர்தான். 10 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 0.7 யூனிட் ஆகும். 8 பேர், ஆளுக்கு இரண்டு பக்கெட் என்றால் ஒரு காலைக்கு 11 யூனிட்டுக்கு மேல் வந்துவிடும். தோட்டத்து ஓரச் சீகைக் கிளைகள், கவாத்துக் கழிவு கிடைக்கும் வீட்டில் வெளியே வைக்கும் விறகு பாய்லர்தான் சிக்கனம். காலை ஐந்தரைக்குப் பற்றவைத்தால் ஏழு மணிக்கு எல்லோருக்கும் தண்ணீர் தயார். ‘வெந்நீர் காலை 7 முதல் 9 வரை’ என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் 11 மணிக்கு எழுகிறவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இந்த ஐந்தரை மணியை யார் தலையில் வைப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பல குடும்பங்களில் விடுதி வருமானம் ஆண் பெயரில் வருகிறது, பாய்லர், பாத்திரம், படுக்கை விரிப்பு மூன்றும் பெண்கள் தலையில் விழுகின்றன. அதே நேரத்தில்தான் மாட்டில் பால் கறக்க வேண்டும், கேரட் அறுவடை நாளாக இருந்தால் ஆட்களும் வந்து நிற்பார்கள். அறுவடை வாரத்தில் விருந்தினரை ஏற்காமல் நாட்காட்டியில் அடைத்துவிடுவதே மேல். பனிக்காலத்தில் துணியும் ஒரே நாளில் காயாது. அறைக்கு மூன்று ஜோடி விரிப்பாவது இல்லாமல் தொடர்ச்சியாக ஆட்களை ஏற்க முடியாது.

இன்னொருவர் இருக்கிறார், யார் கணக்கிலும் வராதவர். விருந்தினரை அழைத்துவந்த வாடகைக் கார் டிரைவர். அறைக்குள் நால்வர் கம்பளிக்குள் தூங்க, அவர் முற்றத்தில் காருக்குள் முடங்கிக்கிடப்பார். கண்ணாடி வெள்ளையாக உறையும் இரவில் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு காருக்குள் தூங்குவதும் கரி அடுப்பு அளவுக்கே ஆபத்தானது. தங்கும் விடுதிகள் டிரைவர்களுக்கு ஓய்விடம் ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கட்டட விதிகளிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு அறை வீட்டுக்கு விதி பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கட்டில், இரண்டு கம்பளி, ராத்திரிச் சாப்பாடு, ஒரு வெந்நீர்ப் பை போதும். மறுநாள் குன்னூர் மலைப்பாதையில் அந்த நான்கு பேரின் உயிரும் அவர் தூக்கத்தை நம்பித்தான் இறங்குகிறது. தவிர, அடுத்த விருந்தினரை எந்த வீட்டுக்கு அழைத்துப்போவது என்று முடிவு செய்கிறவரும் பெரும்பாலும் அவரே.

லாபக் கணக்கு இப்படித்தான் வரும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 13 வார இறுதிகள். வெள்ளி, சனி என்று 26 இரவுகள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் விடுமுறைகளில் கூடுதலாக ஒரு 10 இரவுகள். ஆக 36 இரவுகள், இரண்டு அறைகள், இரவுக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாள்கூடக் காலியாக இல்லாவிட்டால்தான் 1,44,000 ரூபாய். பாதி நாள்கள் நிறைந்தால் 72,000 ரூபாய். இதில் இருந்து மின்சாரம், விறகு, சலவை, சாப்பாட்டுச் சாமான், இணையவழி முன்பதிவு நிறுவனத்தின் கமிஷன் எல்லாம் போக வேண்டும். இதை நம்பி 12 சதவிகித வட்டியில் 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால், வட்டி மட்டுமே ஆண்டுக்கு 60,000 ரூபாய். பனிக்கால வருமானம் வட்டிக்குச் சரியாகப் போய்விடும். இருக்கிற அறையை இருக்கிற பணத்தில் சீர்செய்து நடத்தினால் கைக்காசு நிற்கும். கேரட் விலை சரிந்த மாதத்தில் அது பெரிய துணை. கேரட்டை விட்டுவிட்டு நடத்தும் தொழில் அல்ல இது.

வீட்டுச் சமையலுக்கு விருந்தினர் தயங்காமல் பணம் கொடுப்பார்கள். ஊட்டி டவுனில் கிடைக்கும் ஃப்ரைடு ரைஸை இங்கேயும் செய்து போட்டிப் போட வேண்டியதில்லை. சூடான கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும், அன்று பிடுங்கிய கேரட் பொரியலும் அவர்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. மிச்சமான சோற்றையும் எண்ணெய்ப் பாத்திரத்தையும் வெளியே போட்டுவைத்தால் மட்டும், அழைக்காத விருந்தினராகக் கரடி வந்துவிடும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கதவை உடைத்து உள்ளே வந்த கரடிகள் உண்டு. இரவு 8 மணிக்குள் கழிவைக் குழியில் போட்டு மண் மூடி, பாத்திரங்களை உள்ளே எடுத்துவிட வேண்டும். இருட்டிய பிறகு தேயிலைப் பக்கம் நடந்து பார்க்க ஆசைப்படும் விருந்தினரிடம் காட்டுமாடு நிற்கும் என்று சொல்லித் தடுத்துவிடவும் வேண்டும்.

“வீட்டின் ஒரு பகுதியை மட்டும் விருந்தினருக்கு விடுகிறோம். இதற்கு எங்கே பதிவு செய்ய வேண்டும்? பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும்?”

- வாசகர், கூக்கல்துறை, நீலகிரி மாவட்டம்.

உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்கும் பட்சத்தில், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் 1 முதல் 6 அறைகள் வரை பதிவு செய்ய இடம் உண்டு. மாவட்டச் சுற்றுலா அலுவலகத்தில் மாநிலப் பதிவுக்கான விவரங்களைக் கேட்டுப் பெறலாம். சாப்பாடு கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். ஊராட்சி அல்லது பேரூராட்சி, மின்வாரியம் இரண்டிலும் வீட்டின் பயன்பாட்டைச் சொல்லி, எந்தக் கட்டணப் பிரிவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவரது விவரத்தைக் குடியேற்றத் துறைக்கு இணையவழியில் தெரிவித்தாக வேண்டும். மலைப்பகுதி என்பதால் புதிய அறை கட்டும் எண்ணம் இருந்தால், கடைக்கால் தோண்டும் முன்பே அனுமதி பெற வேண்டும். 2018-ல் சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த விடுதிகளுக்கு உச்ச நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைக்கப்பட்டதை நீலகிரிக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

வெளியூர் வாகனங்கள் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்திருக்கிறது. முன்பதிவுக் குறுஞ்செய்தியிலேயே இதையும், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது என்பதையும் சேர்த்துவிட்டால் சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு போன் செய்ய மாட்டார்கள்.

“விருந்தினர் பார்க்கட்டும் என்று முற்றத்தில் வைத்த பூச்செடிகளும் பீன்ஸ் பாத்தியும் ஒரே இரவுப் பனியில் கருகிவிட்டன. 200 அடி மேலே இருக்கும் அண்ணன் தோட்டத்தில் ஒன்றும் ஆகவில்லை. என்ன செய்வது?”

- வாசகர், மன்னவனூர், திண்டுக்கல் மாவட்டம்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அப்போது குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் தண்ணீர் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அண்ணன் தோட்டம் சரிவில் இருக்கிறது, இவருடையது பள்ளத்தில் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். பள்ளத்தில் பீன்ஸ், உருளை போன்றவற்றைப் பனி மாதங்களில் தவிர்த்துவிட்டு, லேசான பனியைத் தாங்கும் கேரட், முட்டைக்கோஸ், பூண்டு வைக்கலாம். கீழ்ப்பக்க வேலி அடர்த்தியாக இருந்தால் குளிர்காற்று வெளியேற வழியில்லாமல் தேங்கும். அங்கே ஓரிடத்தில் இடைவெளி விட வேண்டும்.

பகலில் வானம் நீலமாக, மாலையில் காற்று அடங்கினால் அன்று இரவு பனி விழும் என்று எதிர்பார்க்கலாம். பிற்பகலிலேயே மண் நனையத் தண்ணீர் பாய்ச்சினால், ஈர மண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். பூச்செடிகளை மாலை ஐந்து மணிக்குள் மூட வேண்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலார் செடிகளைக் கொண்டு மூடுகிறார்கள். மிலார் கிடைக்காத இடத்தில் பெரணி, காய்ந்த புல், பழைய சாக்கு எதுவும் ஆகும். பிளாஸ்டிக் தாளை இலை மேல் படும்படி போட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். மூடாத பாத்தியில் பனி படிந்துவிட்டால், வெயில் விழும் முன் தெளிப்பு நீரால் கழுவிவிட வேண்டும். உறைந்த இலையில் நேரடியாக வெயில் பட்டால்தான் சேதம் கூடும்.

வெள்ளைப் பனியைப் பார்ப்பதற்கென்றே வரும் விருந்தினர்களை, காலை ஆறரை மணிக்குத் தோட்டத்தின் தரிசுப் புல்வெளிக்கு அழைத்துப் போகலாம். எட்டு மணிக்குள் வெயில் அதைக் கரைத்துவிடும். பாத்திக்குள் இறங்கிப் படம் எடுக்க விடக் கூடாது, உறைந்த செடி கால் பட்டதும் ஒடியும். அவர்கள் காரின் முன் கண்ணாடியில் உறைந்த பனிக்குக் கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிந்துவிடும். ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டிவிட்டு, வெயில் வரும்வரை காத்திருந்து புறப்படச் சொல்ல வேண்டும்.